ரெகேயும் நாலு வயதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு நாலு வயது. ஜமைக்காவின் ரெகே இசைப் பாடகர் பாப் மார்லியை நான் கல்லூரிக் காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். அவளுக்கும் பிடிக்கட்டும் என்று, குழந்தைகளுக்காக மாற்றி அமைத்த ரெகே தொகுப்புகள் சிலவற்றைப் போட்டுக் காட்டினேன். அவள் ஆடுகிறாள். எனக்குத்தான் உறுத்துகிறது. அடிமை வாழ்வையும் பசியையும் பாடிய இசையைக் கிலுகிலுப்பைச் சத்தம் ஆக்கிவிட்டார்களே! பல் பிடுங்கிய பாம்பு போல இருக்கிறது. பேசாமல் அவள் வளரும்வரை காத்திருக்கலாமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

காத்திருக்க வேண்டாம். நீங்கள் வரிகளை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். நான் கேட்ட குழந்தைப் பதிப்புகளில் பெரும்பாலும் முதலில் கெட்டுப்போவது வரி அல்ல, அடித்தாளம்.

வரியை மாற்றுவது ரெகேயில் குற்றமே இல்லை. ஒரே பேஸ் (கனத்த அடிக்குரல் கிட்டார்), டிரம் தடத்தின் மேல் ஆளுக்கொரு பாட்டுக் கட்டுவது ஜமைக்காவில் வழக்கம். அந்தத் தடத்துக்கு ரிடிம் என்று பெயர். 1982இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'பாஸ் த டச்சி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடிய மியூசிக்கல் யூத் குழுவினர் பர்மிங்காமைச் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள். அதன் மூலப் பாட்டு, மைட்டி டயமண்ட்ஸ் என்ற ஜமைக்கா குழு பாடிய 'பாஸ் த கூச்சி'. அதுவும் ஸ்டூடியோ ஒன் என்ற ஜமைக்கா ஒலிப்பதிவு நிறுவனத்தின் பழைய 'ஃபுல் அப்' தடத்தின்மேல் கட்டியதுதான். கூச்சி என்பது கஞ்சா புகைக்கும் குழாய். பிள்ளைகள் பாட வேண்டும் என்றதும் அது டச்சி ஆனது, அதாவது சோறும் கறியும் வேகிற கனத்த பாத்திரம். கஞ்சா இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று கேட்ட வரி, சாப்பாடு இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று கேட்டது. இதில் எந்தப் பல்லைப் பிடுங்கினார்கள்? என்னைக் கேட்டால் பாட்டுக்குக் கூடுதலாக ஒரு பல் முளைத்திருக்கிறது. (இடது பக்கம் கொடு என்கிற வரியை மட்டும் யாரும் தொடவில்லை. புகைக்கிறவர்கள் வட்டத்தின் மரியாதை சோற்றுப் பாத்திரத்துக்கும் வந்துவிட்டது.)

சரி, மார்லிக்கு வருவோம். குழந்தைத் தொகுப்புகளில் தவறாமல் வருகிற 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்', 'ஒன் லவ்' இரண்டும் 1977இல் வந்த 'எக்ஸோடஸ்' இசைத்தட்டில் உள்ளவை. 1976 டிசம்பரில் ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில் உள்ள வீட்டில் அவரைச் சுட்டார்கள், பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு லண்டன் போயிருந்தபோது வந்த தட்டு அது. முதல் பக்கம் முழுக்கக் கோபமும் வேதாகம எச்சரிக்கையும். நான் சொன்ன இரண்டு பாட்டும் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் அடுத்தடுத்து இருக்கின்றன. கவலைப்படாதே என்கிற அந்தக் கனிவு மூலத்திலேயே உண்டு. குழந்தைகளுக்காக யாரும் சர்க்கரை போடவில்லை.

இப்போது தாளம். மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் கார்ல்டன் பாரெட் டிரம், அவர் அண்ணன் ஆஸ்டன் பேஸ். 'ஒன் டிராப்' என்கிற அடியில் நாலு எண்ணிக்கையின் முதல் எண்ணிக்கை காலியாக இருக்கும், மூன்றாவதில்தான் டிரம் விழும். கிட்டார் இரண்டிலும் நாலிலும் சின்னதாக வெட்டிவிட்டுப் போகும். மெட்டின் பாதியை பேஸ்தான் சுமக்கிறது. மோசமான குழந்தைப் பதிப்புக்காரர்கள் செய்வது என்னவென்றால், பேஸைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, அந்தக் காலி இடத்திலும் ஒரு தட்டு தட்டி மணியோசை சேர்த்துவிடுவார்கள். வரி ஒன்றுகூட மாறியிருக்காது, ஆனால் அது பள்ளி அணிவகுப்புப் பாட்டு ஆகிவிடும். உங்களுக்குக் கிலுகிலுப்பையாகக் கேட்டது இதுவாகத்தான் இருக்கும்.

நன்றாகச் செய்தவர்களும் உண்டு. 2009இல் வந்த 'பி இஸ் ஃபார் பாப்' தொகுப்பில் சில பாடல்களை மகன் ஸிக்கி மார்லியே அப்பாவின் குரலை வைத்துக்கொண்டு மறுகலவை செய்தார். மகள் செடெல்லா 'ஒன் லவ்' வரிகளைத் தழுவி 2011இல் ஒரு படப்புத்தகம் செய்தார். அதில் ஒரு சிறுமி அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு பூங்கா உண்டாக்குகிறாள். அரசியல் எங்கும் போய்விடவில்லை, சிறுமியின் கைக்கு எட்டுகிற அளவுக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

மார்லியின் 'ஐ ஷாட் த ஷெரிஃப்' (ஷெரிஃப் என்கிற காவல் அதிகாரியைச் சுட்டேன்) வேறு விஷயம். அதை மென்மையாக்க முயல்வது அசட்டுத்தனம். சுட்டேன் என்பதை எடுத்துவிட்டால் அங்கே பாட்டே இல்லை. பத்து வயதுக்கு மேல் மூலத்தையே கேட்கட்டும். 'ரிடெம்ப்ஷன் சாங்' பாட்டுக்கு அவ்வளவு தயக்கம் வேண்டாம். வெறும் கிட்டாரும் குரலும்தான். முதல் வரியிலேயே கடற்கொள்ளையர் வந்துவிடுவார்கள், உங்கள் மகள் உடனே நிமிர்ந்து உட்காருவாள். யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், யாரிடம் விற்றார்கள் என்று அவள் கேட்கும்போது அவள் வயதுக்குத் தகுந்தபடி உண்மையைச் சொல்லுங்கள்.

அப்புறம், போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள். அதில் பேஸ் ஏறக்குறைய கேட்கவே கேட்காது. ஒரு சுமாரான பெட்டி ஸ்பீக்கர் போதும். முதலில் 'எக்ஸோடஸ்' இரண்டாம் பக்கத்தை மூலத்திலேயே போட்டுப் பாருங்கள். தொகுப்புகளையும் அழிக்க வேண்டாம், எது வேண்டுமென்று அவளே கேட்பாள்.

அன்புடன்.