காது சரியாகக் கேட்காத என் மகனைத் தமிழ்ப்பள்ளியின் சாதாரண வகுப்பில் சேர்க்க முடியுமா?

சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்; முடியும். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உடற்குறையைக் காரணம் காட்டி எவரையும் பொதுக் கல்வியிலிருந்து விலக்கக் கூடாது என்பதோடு, தேவையான கருவிகளையும் கற்பித்தல் வசதிகளையும் அமைத்துத் தர வேண்டும் என்றும் கூறுகிறது.

பெற்றோர் பலர் குழம்புவது ஓர் இடத்தில்தான். ஒருங்கிணைப்புத் திட்டத்தில் பிள்ளை வழக்கமான பள்ளிக்கே சென்றாலும் அங்குள்ள தனிச் சிறப்பு வகுப்பில் படிக்கிறான். உள்ளடக்கக் கல்வியில் மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்கிறான். பள்ளி எதைத் தருகிறது என்பதைத் தலைமையாசிரியரிடம் தெளிவாகக் கேளுங்கள். மருத்துவர் உறுதிப்படுத்திய பின் சமூகநல இலாகாவில் பதிந்து, மாற்றுத் திறனாளிகளுக்கான அடையாள அட்டையான ஓகேயூ (OKU) அட்டையும் பெற்றுவிடுங்கள்.

வகுப்பறையில் செய்ய வேண்டியவை பெரும்பாலும் செலவில்லாதவை. ஆசிரியரின் உதட்டசைவு தெரியும்படி மகன் முன்வரிசையில், நன்றாகக் கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்க அமர வேண்டும். ஆசிரியர் சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும், கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால் பாதிச் சொற்கள் போய்விடும். தகரக் கூரையில் மாலை மழை கொட்டும்போது செவிக்கருவி இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் என்பதால், அந்நேரம் வாய்மொழிப் பாடத்தை விட்டு எழுத்துப் பயிற்சி தருவது நல்லது (அப்போது மற்ற பிள்ளைகளுக்கும் ஒன்றும் கேட்பதில்லை).