லாவெண்டரை வீட்டில் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? உண்மையில் பலன் உண்டா, வெறும் வாசனைதானா?

பலன் உண்டு. ஆனால் வீடியோக்களில் அடுக்குகிற அத்தனை வேலைக்கும் இல்லை. நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், ஆறு வருடமாகக் காய்ந்த லாவெண்டர் பூ வாங்கி வைக்கிறேன், என்னைக் கேட்டால் அதற்கு முதல் இடம் துணி பீரோதான். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தப் பழக்கம் அம்மாவின் கூரைப்புடவையால் வந்தது. அரக்குக் கலரில் காஞ்சிபுரம் பட்டு. அம்மா போன பிறகு ஊரிலிருந்து எடுத்துவந்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்தேன், இரண்டு வருடம் திறந்தே பார்க்கவில்லை. ஒரு கல்யாணத்துக்குக் கட்டலாம் என்று எடுத்துப் பிரித்தால் மடிப்பு ஓரத்தில் கடுகளவு ஓட்டைகள், ஒரு மடிப்பில் இருந்தால் அதே இடத்தில் அடுத்த மடிப்பிலும், அதற்கடுத்ததிலும். ஜரிகைக்குப் பக்கத்தில் அரிசி போல ஒரு கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகை புடவைக்காக மட்டும் இல்லை.

அது அந்துப்பூச்சி செய்த வேலை. பறக்கிற பூச்சி துணியைத் தின்னாது, அதன் புழுதான் தின்னும். பட்டும் கம்பளியும் புரதம் என்பதால் அவற்றைத்தான் தேடும், வியர்வையோ சாப்பாட்டுக் கறையோ இருந்தால் இன்னும் சௌகரியம். இராமபாணப் பூச்சி வேறு, அதற்கு மாவுச்சத்து வேண்டும், அதனால் கஞ்சி போட்ட காட்டனையும் புத்தகப் பசையையும் அரிக்கும்.

சரி, அந்துருண்டை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. என் தம்பி மகனுக்குப் பிறந்தபோதே ஜி6பிடி என்ற நொதி குறைவு என்று தெரிந்தது, அப்போது டாக்டர் முதலில் கேட்டதே "துணி வைக்கிற இடத்தில் நாப்தலின் உருண்டை போடுவீங்களா?" என்றுதான். இந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்துருண்டை வைத்த துணியைப் போட்டால் ரத்த சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரைக்கும் போகலாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

லாவெண்டர் மத்தியதரைக் கடல் பக்கத்து மலைச் செடி. அங்கே இது அழகுக்கு வைக்கிற பூவாக மட்டும் இருந்ததில்லை, துணியோடு சேர்ந்த பொருள். துவைத்த துணியை லாவெண்டர் புதர் மேல் விரித்துக் காயப்போடுவது, காய்ந்த பூவைச் சின்னப் பையில் கட்டித் துணிப்பெட்டியில் வைப்பது, குளிக்கிற தண்ணீரில் போடுவது எல்லாம் ஐரோப்பாவில் பழைய வழக்கம். 'லவாரே' என்ற லத்தீன் சொல்லுக்குக் கழுவுதல் என்று அர்த்தம், லாவெண்டர் என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் பாட்டிகள் வெட்டிவேரைப் புடவை மடிப்பில் வைத்ததும் இதே யோசனைதான். என் பீரோவில் இன்றைக்கும் இரண்டும் இருக்கிறது.

நான் செய்கிற முறை இது. அப்பாவின் பழைய மல் வேட்டியை உள்ளங்கை அளவுக்குத் துண்டு போட்டு, மூன்று பக்கம் தைத்து, இரண்டு மேசைக்கரண்டி பூ போட்டு நாலாவது பக்கத்தை நூலால் கட்டிவிடுவேன், தைப்பதில்லை, பிறகு பிரிக்க வேண்டும். மாதம் ஒரு தடவை பையை உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்க வேண்டும். மொட்டின் வெளித்தோலில் இருக்கிற நுண்ணிய சுரப்பிகளில்தான் எண்ணெய் நிற்கிறது, கசக்கினால் அது உடைந்து வாசனை மறுபடி எழும்பும், முதலில் புல் வாடை, பின்னால் இனிப்பு, கடைசியில் லேசாகக் கற்பூரம். கசக்கியும் வாசனை வரவில்லை என்றால் பூவை மாற்றுங்கள், எனக்கு எட்டு ஒன்பது மாதம் வருகிறது.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். இது பூச்சியை அண்டவிடாமல் தடுக்க உதவும், ஏற்கெனவே உள்ளே இருக்கிற புழுவைக் கொல்லாது. அதனால் முதலில் புடவையை டிரை கிளீனிங் கொடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்து, அதன் மேல்தான் பை. அழுக்குப் புடவையோடு லாவெண்டரை வைத்தால் ஒரு பயனும் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஒருநாள் சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் யுனானி மருந்துக் கடை ஒன்றில் "பாய், லாவெண்டர் பூ இருக்கா?" என்று கேட்டேன். "அந்தப் பேர்ல எங்ககிட்ட இல்லம்மா, உஸ்துகுத்தூஸ் இருக்கு, பாருங்க" என்று ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார். உஸ்துகுத்தூஸ் என்பது லாவெண்டர் குடும்பத்திலேயே இன்னொரு வகை, லாவண்டுலா ஸ்டீக்காஸ். கற்பூர நெடி தூக்கலாக இருக்கும். யுனானியில் இதை 'மூளையின் துடைப்பம்' என்பார்கள், தலைவலி, சளி, மூக்கடைப்புக்குக் கொடுப்பார்கள். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காயோடு சேர்த்து இத்ரிஃபல் உஸ்துகுத்தூஸ் என்று லேகியமாகவே செய்கிறார்கள், திரிபலாவோடு லாவெண்டர்! நாம் ஏதோ நேற்று வந்த வெள்ளைக்காரச் சரக்கு என்று நினைப்பது இந்த ஊர்க் கடைகளில் வேறு பெயரில் ரொம்ப நாளாக இருக்கிறது. ஆனால் மருந்தாகச் சாப்பிட நினைத்தால் யுனானி மருத்துவரைப் பாருங்கள், தேசிய யுனானி மருத்துவ நிறுவனமே பெங்களூருவில்தான் இருக்கிறது.

எண்ணெய் வாங்குகிறவர்கள் பாட்டிலில் தாவரப் பெயரைப் பாருங்கள். லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்று இருந்தால் அசல் லாவெண்டர், இன்டர்மீடியா என்று இருந்தால் லாவண்டின் என்ற கலப்பினம், விலை குறைவு, கற்பூர வாடை கூட, தரை துடைக்கவும் சோப்புக்கும் அது போதும். வெறும் 'லாவெண்டர் ஃப்ராக்ரன்ஸ்' என்றிருந்தால் அது பூவிலிருந்து வந்தது என்று நம்ப வேண்டாம். நான் ஆன்லைனில் அப்படி ஒன்றை மலிவாக வாங்கித் தலையணை உறையில் விட்டுப் படுத்தேன், காலையில் கன்னமெல்லாம் தடிப்பு. ஒரு லிட்டர் அசல் எண்ணெய்க்கு நூறு கிலோவுக்கு மேல் பூ வேண்டும், அது எப்படி சோப்பு விலைக்குக் கிடைக்கும்? நல்ல எண்ணெயும் காற்றுப் பட்டுப் பழசானால் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், அதனால் சின்ன பாட்டிலாக வாங்கி இறுக்கி மூடி இருட்டில் வையுங்கள். நம் நாட்டிலேயே ஜம்முவின் தோடா மாவட்டத்தில் பதேர்வா பக்கம், முன்பு மக்காச்சோளம் போட்ட நிலத்தில் இப்போது லாவெண்டர் விளைகிறது, மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நாற்று கொடுத்து ஊக்குவித்தது, ஊதாப் புரட்சி என்கிறார்கள். நான் இப்போது அங்கிருந்து வருகிற பூவைத்தான் வாங்குகிறேன். எண்ணெய் வடிக்கும்போது கூடவே கிடைக்கிற வாசனைத் தண்ணீரும் கிடைக்கும், ரோஜாவுக்குப் பன்னீர் மாதிரி. இஸ்திரி போடும் முன் காட்டன் மேல் தெளித்தால் அருமையாக இருக்கும்.

தூக்கம் வருமா என்றால், எனக்கு மனசு அமைதியாகிறது, அவ்வளவுதான் சொல்வேன். ஜெர்மனியில் பதற்றத்துக்கு 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் மாத்திரை மருந்தாகவே விற்கிறது, ஆனால் அது அளந்து தயாரித்த மருந்து, அதை நம்பி வாசனை எண்ணெயை யாரும் வாயில் விடாதீர்கள்.

தீக்காயத்துக்கும் போடலாம் என்பார்கள். ரெனே மொரிஸ் கட்ஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1910இல் ஆய்வகத்தில் நடந்த வெடிவிபத்தில் கை வெந்து, புண் அழுகத் தொடங்கியபோது லாவெண்டர் எண்ணெயால் கழுவியதில் அடங்கியது என்று தானே எழுதியிருக்கிறார். 'அரோமாதெரபி', அதாவது வாசனை எண்ணெய் வைத்தியம், என்ற சொல்லை 1937இல் புத்தகத் தலைப்பாக வைத்தவரும் அவர்தான். அது அவர் கதை. நம் அடுப்படியில் எண்ணெய் தெறித்தால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், வேறு எதையும் தடவ வேண்டாம்.

பூனை வளர்ப்பவர்கள் வாசனை பரப்புகிற டிஃப்யூசரில் இந்த எண்ணெயை விடாதீர்கள், பூனையின் ஈரலால் இதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. பால்கனியில் செடி வைக்க ஆசைப்பட்டால் பாதிக்குப் பாதி மணல் கலந்து, மழை படாத வெயில் இடத்தில் வையுங்கள், என்னுடைய முதல் இரண்டு செடிகளும் ஆகஸ்ட் மழையில் வேர் அழுகிப் போயின.

அம்மாவின் புடவையை அல்சூரிலேயே ஒரு ரஃபு போடுகிறவரிடம் கொடுத்து ஓட்டைகளை அடைத்து வாங்கினேன். இப்போது அதன் மடிப்பில் இரண்டு பை இருக்கிறது. மே கடைசியில், மழை பிடிப்பதற்குள், பூவை மாற்றிவிடுவேன்.