சிற்றூர்க் காவல்துறைக்குக் கவச வண்டி எப்படி வந்தது?

தம்பி, நீங்கள் குடியேறியிருக்கும் கலிஃபோர்னியச் சிற்றூரின் ஜூலை 4 ஊர்வலத்தில், காவல்துறையின் பெயர் பொறித்த கவச வண்டியைக் கண்டு, இங்கே போலீஸ் எது, ராணுவம் எது என்று கேட்டிருந்தீர்கள்.

சட்டப்படி இரண்டும் வேறு. நாடாளுமன்றம் அனுமதித்தாலன்றி ராணுவத்தை உள்நாட்டுக் காவல் பணியில் ஈடுபடுத்தக்கூடாது என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். ராணுவத்தின் தளவாடங்கள் ஊர்க் காவலர் கைக்கு வருவதை அது தடுக்கவில்லை.

1965இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்துக்குப் பின், அந்தப் பத்தாண்டின் இறுதியில், அந்நகரக் காவல்துறை ஸ்வாட் என்னும் சிறப்புப் படையை அமைத்தது. துப்பாக்கிச்சூடு, பணயக்கைதி மீட்பு போன்ற அரிய நெருக்கடிகளுக்கான இந்த ஏற்பாடு, 1980களில் போதைப்பொருள் ஒழிப்பைப் 'போர்' என்றே அரசு அறிவித்து நடத்தியபோது, வீட்டுச் சோதனைகளுக்கான அன்றாடக் கருவியாக மாறியது. ஸ்வாட் நடவடிக்கைகளை ஆராய்ந்து அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ACLU) 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவற்றுள் 79 விழுக்காடு சோதனை வாரண்டை நிறைவேற்றுவதற்காகவே நடந்தவை.

கவச வண்டிகள் பல வருவது, 1997 நிதியாண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 1033ஆம் பிரிவு வழியாக. ராணுவம் வேண்டாமென ஒதுக்கியவற்றை ஊர்க் காவல்துறைகள் இலவசமாகப் பெறலாம். கொண்டுவரும் செலவும் பராமரிப்பும் மட்டும் அவர்களுடையவை. ஆனால் பெற்ற பொருளை ஓராண்டுக்குள் பயன்படுத்தியாக வேண்டும் என்ற விதியும் உண்டு. தேவை இல்லாத ஊரிலும் தேவையை உண்டாக்கிவிடும் விதி இது என்பது என் கருத்து.

2014இல் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டதை எதிர்த்துத் திரண்டவர்கள் முன் காவலர்கள் கவச வண்டிகளோடு நின்ற காட்சி நாட்டையே உலுக்கியது. இத்தளவாடங்களை வழங்குவதில் ஒபாமா 2015இல் விதித்த கட்டுப்பாடுகளை டிரம்ப் 2017இல் நீக்கினார். 2020இல் லூயிவில் நகரில் பிரியோனா டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணின் வீட்டுக் கதவை நள்ளிரவுக்குப் பின் உடைத்து, அவரைச் சுட்டுக் கொன்றவர்களோ ஸ்வாட் படையினர்கூட அல்லர், சாதாரண உடையிலிருந்த போலீசார். வண்டியைவிட, கதவை உடைத்து நுழையும் இந்தப் பழக்கம்தான் எனக்கு அச்சம் தருகிறது. பயனாவது உண்டா என்றால், மேரிலாந்து மாநிலத் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வொன்று, சிறப்புப் படைகளால் குற்றம் குறைந்ததற்கோ காவலரின் பாதுகாப்பு கூடியதற்கோ சான்று காணவில்லை.

உங்கள் மாநிலத்தில் 2022 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, இத்தகைய தளவாடங்களுக்கு நகரமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். எதை, எதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற ஆண்டறிக்கையைக் காவல்துறை தன் இணையதளத்தில் வெளியிடவும் வேண்டும். அதில் அந்த வண்டியைத் தேடிப் பாருங்கள். ஐயம் இருந்தால் மன்றக் கூட்டத்திலேயே கேட்கலாம், அதற்குக் குடியுரிமை தேவையில்லை.