வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகளை வீட்டில் விட்டு, பனிமலைக்கு இருவர்

வரும் தை மாதத்தோடு எங்களுக்குக் கலியாணமாகி 10 வருடம். பிள்ளைகள் இருவரையும் மாமியிடம் விட்டுவிட்டு, பனிச்சறுக்குப் பழக இந்தியாவின் குல்மார்க்குக்குப் போக ஆசை. 3 நாள் லீவு போதுமா? நாங்கள் நுவரெலியாக் குளிரில் வளர்ந்தவர்கள். உடுப்பு தனியாக வாங்க வேண்டுமா?
– வாசகி, கந்தப்பளை

3 நாள் போதவே போதாது. கொழும்பிலிருந்து டில்லிக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரம், அங்கிருந்து ஸ்ரீநகருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம், பிறகு ரோட்டில் 50 கிலோமீற்றர். பனி கொட்டிய நாளில் தங்மார்க்கோடு சாதாரண வாகனங்கள் நின்றுவிடும். சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாறித்தான் கடைசி 13 கிலோமீற்றர் ஏற வேண்டும். போகவும் வரவும் இரண்டு நாள், போய்ச் சேர்ந்ததும் உடம்பு ஆற ஒரு நாள், பழக மூன்று நாள், விமானம் ரத்தானால் சமாளிக்க ஒரு நாள். ஆக, 7 நாள் லீவு கிடைத்தால் போங்கள். இல்லாவிட்டால் கலியாண நாளை இங்கேயே கொண்டாடிவிட்டு, பனிமலையை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். அரைகுறையாகப் போனால் செலவும் களைப்பும்தான் மிஞ்சும்.

தை பிறந்ததுமே கிளம்பவும் வேண்டாம். டிசம்பர் 21 முதல் ஜனவரி கடைசி வரையான 40 நாளைக் காஷ்மீரில் 'சில்லாய் கலான்' என்பார்கள். கடுங்குளிர் அப்போதுதான். டில்லியில் மூடுபனியால் விமானங்கள் தாமதமாவதும் அந்தக் காலத்தில்தான். பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் பனி நன்றாக இறுகிப் படிந்திருக்கும், பகல் வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கும்.

இப்போது குளிருக்கு வருவோம். உங்களுக்குத் துகள் உறைபனி தெரியும். விடியற்காலையில் தேயிலைக் கொழுந்தின்மேல் உப்புத் தூவியதுபோலக் கிடந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடும். குல்மார்க்கில் விழுவது உடுப்பில் ஒட்டி, உடம்புச் சூட்டில் உருகி, உள்ளே இறங்கும். அங்கே முதல் எதிரி ஈரம். வீட்டில் இருக்கும் கம்பளிச் சுவெட்டரைத் தாராளமாகக் கொண்டு போகலாம். பருத்திப் பெனியன், ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துவைத்துக்கொள்ளும். சறுக்கி ஓய்ந்து நிற்கும் ஐந்தாவது நிமிடத்தில் முதுகு விறைக்கத் தொடங்கும். உடம்போடு ஒட்டிய தேர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத ஜேர்கினும் காற்சட்டையும். இந்த வெளி உடுப்பை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். தேர்மல் ஆளுக்கு 2 சோடி, தண்ணீர் புகாத கையுறை, கண்ணாடி ஆகியவற்றைச் சொந்தமாக வைத்திருங்கள். புதுப்பனி சூரியனின் புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும். தாடையின் அடிப்பக்கமும் மூக்கின் கீழும் கூடக் கருகும், அங்கேயும் சன் கிறீம் பூசுங்கள்.

குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர்தான். முதல் நாள் தலைவலி வரலாம். அன்று மது வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள், சறுக்க இறங்காதீர்கள். கொண்டோலா எனும் கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறும். முதல் கட்டம் 3,000 மீற்றரைத் தாண்டிய கொங்டூரி வரை. இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீற்றருக்கு மேல் கொண்டுபோய் விடும். அங்கிருந்து சறுக்கி இறங்குவது அனுபவசாலிகளுக்கு மட்டும். பனிச்சரிவு ஆபத்து உள்ள சரிவுகள் அவை. வானம் தெளிந்த நாளில் பார்க்கப் போய், அதே பெட்டியில் இறங்கி வாருங்கள். ரிக்கெட்டை முன்கூட்டியே ஒன்லைனில் எடுங்கள். போய் நின்று வாங்கலாம் என்றால் கிடைக்காமல் போகும்.

இன்னும் இரண்டு விஷயம். சாதாரணப் பயணக் காப்புறுதி பனிச்சறுக்கு விபத்தை ஏற்காது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். காஷ்மீருக்குச் செல்லுபடியாகுமா என்றும் எழுத்தில் கேளுங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் மீது தாக்குதல் நடந்தது. ஆகவே, ரிக்கெட் போடுமுன் பாதுகாப்பு அறிவித்தல்களைப் பார்ப்பது கட்டாயம். அடுத்தது போன். டில்லியில் வாங்கும் ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. ஹொட்டல் வைஃபையில்தான் பிள்ளைகளோடு பேச வேண்டியிருக்கும். அறை எடுக்கும்போதே அதை விசாரியுங்கள். இரண்டு நாட்டுக்கும் நேரம் ஒன்றுதான் என்பதால் மாலை 6 மணி என்றால் இரண்டு பக்கமும் 6 மணி.

சறுக்குச் சப்பாத்து காலைக் கடிக்கும் என்கிறார்களே? முதல் நாளில் என்ன பழக வேண்டும்?
– வாசகர், ஹட்டன்

கடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், அளவில் பெரிய சப்பாத்து. வாடகைக் கடையில் லேசாக, வசதியாக இருப்பதை எடுத்துவிடுகிறோம். சரிவில் இறங்கும்போது குதிகால் உள்ளே எழும்பி, முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பு உரசி, மறுநாள் நடக்க முடியாமல் போகிறது.

போட்டுப் பார்க்கும் முறை இது. முழங்கால்வரை வரும் மேஸ் ஒரே ஒரு சோடி. இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து இரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் குளிரும். தேர்மல் காற்சட்டையின் நுனியைச் சப்பாத்துக்குள் திணிக்காதீர்கள், மேலே சுருட்டிவிடுங்கள். காலை நுழைத்து, குதிகாலால் நிலத்தில் இரண்டு தட்டு. கணுக்காலுக்கு மேலுள்ள கொக்கியை முதலில் இறுக்கி, விரல் பக்கத்துக் கொக்கியைத் தளர்வாக மாட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்னே லேசாக முட்ட வேண்டும். முழங்காலை முன்னே மடித்தால் விலக வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. 10 நிமிடம் அப்படியே நின்று பாருங்கள்.

சறுக்குப் பலகை புதியவருக்கு நெஞ்சுக்கும் நாடிக்கும் இடைப்பட்ட உயரம் போதும். கடைக்காரர் எடை, உயரம், வயது கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். விழும்போது சப்பாத்தைப் பலகையிலிருந்து கழற்றிவிடும் பூட்டின் இறுக்கத்தை அவர் அந்தக் கணக்கில்தான் வைக்கிறார். இறுக்கம் கூடினால் பலகை கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும், குறைந்தால் ஓடும்போதே கழன்றுவிடும்.

மலையகத்தவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கூடையோடு தேயிலைச் சரிவில் இறங்கும்போது உடம்பைப் பின்னே சாய்த்து, குதிகாலை ஊன்றித்தான் இறங்குவோம். சிறுவயதிலிருந்தே கால் கற்றுக்கொண்ட பாடம் அது. பனியில் அதைச் செய்தால் பலகையின் முன்பகுதி பாரம் இழந்து, திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. முன்னெலும்பைச் சப்பாத்தின் நாக்கில் அழுத்தியபடி, இரண்டு கையையும் கண்ணுக்குத் தெரியுமாறு முன்னே வைத்து, உடம்பை முன்னே கொடுக்க வேண்டும். பயம் வரும்போது கால் பழைய பாடத்துக்குத் திரும்பும். முதல் நாள் முழுக்க இதைத் திருத்துவதிலேயே போகலாம், அது வீணில்லை.

நிறுத்துவதற்கு, பலகைகளின் முன்நுனிகளை ஒன்றையொன்று தொடாமல் கிட்டக் கொண்டுவந்து, பின்பகுதியை அகலமாகத் தள்ளி, உள்விளிம்பை அழுத்துங்கள். விழுவதென்றால் பக்கவாட்டில், மலையின் மேற்பக்கமாக. எழும்புமுன் பலகை இரண்டையும் உடம்புக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்காக வையுங்கள். இல்லாவிட்டால் எழும்பிய வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு போவீர்கள்.

இருவருக்குமாக ஒரு பயிற்றுநரை அமர்த்தி, காலையில் 2 மணி நேரம் வீதம் மூன்று நாள் பழகுங்கள். கணவர் மனைவிக்கோ மனைவி கணவருக்கோ படிப்பிக்க வேண்டாம்.

4 வயதுப் பிள்ளையை அப்பாயியிடம் விட்டுப் போகிறோம். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்றுதான் பயம்.
– வாசகி, தலவாக்கலை

வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். பிள்ளையின் எடை, ஒவ்வாமை, வழக்கமாகக் காட்டும் டொக்டர், வாகனம் வைத்திருக்கும் அயலவரின் நம்பர், இலவச அம்புலன்ஸுக்கு 1990. பரசிட்டமோல் அளவையும் மில்லிலீற்றரில் எழுதுங்கள். ஒரு தடவைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளி, நாளொன்றுக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. 16 கிலோப் பிள்ளைக்கு 240 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்று அச்சிட்ட பாணி என்றால் அது 10 மில்லிலீற்றர். வேறு செறிவுள்ள போத்தலும் கடையில் உண்டு. அதனால் அளவு எழுதிய அதே போத்தலையும் அளவுக் குழாயையும் வைத்துவிட்டுப் போங்கள், தேக்கரண்டி வேண்டாம். டெங்கு காலத்தில் இபுபுரூபன் போன்ற வலி மருந்துகள் கொடுக்கவே கூடாது. காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால் இரத்தப் பரிசோதனை. குடிக்காமல், சிறுநீர் போகாமல், சோர்ந்து கிடந்தால் நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கிளினிக் புத்தகம் அப்பாயியின் கையில் இருக்கட்டும்.

பிள்ளை தூங்கும்போது சொல்லாமல் கிளம்பாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை, எத்தனை இரவு என்று விரல் மடித்துக் காட்டிவிட்டுப் போங்கள். எழும்பி அம்மாவைத் தேடி, அப்பாயியையும் நம்பாமல் அழும் பிள்ளையைத் தேற்றுவது அவருக்குப் பெரும் பாடு.

நுவரெலியாவில் பழைய பங்களா ஒன்றில் கலியாண நாளுக்குத் தங்கப் போகிறோம். இரவில் கரிச்சட்டியை அறைக்குள் வைக்கலாமா?
– வாசகர், இராகலை

வைக்கவே வேண்டாம். மூடிய அறையில் கரித்தணல் காபன் மொனொக்சைட்டை வெளியிடும். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று வந்து, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். காஷ்மீரின் காங்ரி எனும் தணல் கூடையும் அப்படித்தான். அங்கே வரும் தலைவலியை உயரத்தால் வந்தது என்று எண்ணி அறையை இன்னும் இறுக்கி மூடிவிடுகிறார்கள். ஒரே அறையில் இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே வெளியே வந்து 1990ஐ அழையுங்கள். புகைபோக்கியுள்ள கணப்பு என்றாலும், தணல் முற்றாக அணைந்த பிறகே தூங்குங்கள்.

கட்டிலைச் சூடாக்க ரப்பர் தண்ணீர்ப் பை போதும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றைப் பிதுக்கி மூடி, துணி சுற்றி, படுப்பதற்கு அரை மணி நேரம் முன் போர்வைக்குள் வையுங்கள். ஒரு கம்பளியை மெத்தையின் மேல் விரித்து அதன்மேல் படுங்கள். குளிர் கீழிருந்துதான் ஏறும்.

பாஸ்போர்ட் இல்லை, இரண்டு இரவுதான் கிடைக்கும். எங்கே போகலாம்?
– வாசகி, பொகவந்தலாவை

ஹோட்டன் சமவெளி. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். விடியுமுன் நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாகக் கிளம்பி, 6 மணிக்குக் கேற் திறக்கும்போதே உள்ளே போங்கள். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர், 3 முதல் 4 மணி நேரம். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, கடைசியில் பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற வரிசையில் நடங்கள். நீர்வீழ்ச்சியை முதலில் பார்த்தால், பள்ளத்தாக்கிலிருந்து 9, 10 மணிக்கு ஏறிவரும் மூடுபனி உலக முடிவை மறைத்துவிடும். பொலித்தீனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், ஆகவே ரொட்டியையும் சம்பலையும் லஞ்ச் ஷீட்டில் சுற்றாமல் டப்பாவில் எடுங்கள். மரைகள் கிட்ட வந்தாலும் உணவு கொடுக்காதீர்கள்.

மறுநாள் நானுஓயாவிலிருந்து அப்புத்தளைக்குக் கோச்சியில் போங்கள். பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் இடையில் பாதை 1,898 மீற்றர் உயரத்தைத் தொடும். மழை பெய்த வாரமென்றால் மண்சரிவால் பாதை அடைபட்டிருக்கலாம், முதல் நாளே ஸ்டேஷனில் கேளுங்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் மட்டும் நுவரெலியாப் பக்கம் வர வேண்டாம், அறை வாடகை பல மடங்கு ஏறியிருக்கும்.