நிலத்தை அடகு வைத்து இன்ஜினியரிங் வேண்டாம் அண்ணே

அண்ணே, நேற்று தேவிபட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்து நீங்களும் அண்ணியும் அழாத குறையாகப் பேசினீர்கள். பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன், அது போதாது. அந்த இரண்டு ஏக்கரை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் மகளைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்காதீர்கள். துபாய் மச்சான் சொல்கிறார் என்பது ஒரு காரணமா? வட்டியை அவரா கட்டப்போகிறார்? பிள்ளைக்கு அதில் துளி விருப்பமில்லை, உங்கள் முன்னாலேயே சொன்னாள்.

நர்சிங், டீச்சர் டிரெயினிங் எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். அவள் கொண்டுவந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தீர்களா? குண்டு மிளகாய்க்கு உழவு, விதை, உரம், பழம் பறிக்க ஆள் கூலி என்று தேதி போட்டு எழுதியிருக்கிறாள். அண்ணி களை எடுத்த நாட்களுக்கு நேராக மட்டும் காசு போடாமல் ஒரு கேள்விக்குறி. வீட்டு ஆள் உழைப்புக்கு என்ன கூலி என்ற அந்தக் கேள்வியையே உத்தியோகமாகப் பார்க்கிறவர்கள் அரசாங்கத்தில் இருக்கிறார்கள், வேளாண் பொருளாதார நிபுணர் என்று பெயர். நெல்லுக்கு ஆதார விலை பரிந்துரைக்கும் மத்திய ஆணையம், கைக்காசு போட்ட செலவோடு வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் கூலி மதிப்புப் போட்டுக் கூட்டுகிறது. அந்தக் கணக்கைத்தான் ‘ஏ2 கூட்டல் எஃப்எல்’ என்பார்கள். நம் மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்துவிட்டது, ஆதார விலைப் பட்டியலில் இன்னும் இடமில்லை. இதையெல்லாம் கணக்கோடு எடுத்துச் சொல்ல, களத்தில் மிளகாய் காய வைத்த வீட்டுப் பிள்ளையை விடப் பொருத்தமான ஆள் யார்?

சரி, வழி இதுதான். பி.எஸ்சி. வேளாண்மை 4 வருடம். பிளஸ் 2 மதிப்பெண்தான், நீட் கிடையாது. மதுரையிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். அப்புறம் வேளாண் பொருளாதாரத்தில் எம்.எஸ்சி. 2 வருடம், முடிந்தால் முனைவர் பட்டம், மத்திய வேளாண் விஞ்ஞானி தேர்வு. வேளாண்மையில் இடம் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம், எம்.ஏ., பிறகு யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு. நாலே வருடத்தில் சம்பளம் வந்துவிடாது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடன் இல்லாமல் காத்திருப்பது வேறு, பத்திரத்தை அடகில் வைத்துவிட்டுக் காத்திருப்பது வேறு.

மச்சானிடம் நானே பேசுகிறேன், நம்பர் அனுப்புங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள், விண்ணப்பம் போடுவோம்; அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.