பாடு எப்படி?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 27. சொந்த ஊர் மண்டபம். சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. மதியம் சாப்பிடும்போது எல்லோரும் கலகலவென்று பேசுவார்கள், எனக்கு மட்டும் சொல்ல ஒன்றும் இருக்காது. எதையாவது பேசிவிட்டு வந்தாலும், ‘அறுவை என்று நினைத்திருப்பார்களோ’ என்று மனசுக்குள் குமைவேன். கண்ணைப் பார்த்துப் பேசுவது, பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வது, நகைச்சுவை என்று நிறைய வீடியோ பார்த்துவிட்டேன். சுவாரசியமாகப் பேச எந்தெந்த விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்?

இது வளர்ந்த விதத்தின் குறையோ என்றும் தோன்றுகிறது. என் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ‘சாப்பிட்டியா, எப்ப வந்த, எப்பக் கிளம்புற’ தவிர அவருக்கு வேறு பேச்சே தெரியாது. பொங்கலுக்குப் போயிருந்தபோது ‘இந்த வருஷம் பாடு சரியில்ல’ என்றார், அதோடு சரி. அவரோடு பேச என்ன இருக்கிறது?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் நான் எங்கள் கடற்கரை ஊரான மூக்கையூரிலிருந்து திரும்பியிருந்தேன். சந்தியாகப்பர் கோயிலில் அப்பாவுக்கு நினைவுப் பூசை. நீங்கள் கேட்டிருப்பதையேதான் பேருந்தில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

அறுவை என்று நினைத்திருப்பார்களோ என்ற பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். முன்பின் தெரியாதவர்களைப் பேசவைத்து, பிறகு இருவரையும் தனித்தனியே கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. ‘அவருக்கு என்னை எவ்வளவு பிடித்திருக்கும்’ என்று ஆட்கள் போட்ட கணக்கு, உண்மையில் அவருக்குப் பிடித்திருந்த அளவைவிடக் குறைவாகவே இருந்தது. உங்களுக்கு எதிரில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருப்பவரும் இதே குமைச்சலோடு எழுந்து போகிறவராக இருக்கலாம். கண்ணைப் பார்ப்பது, பெயர், நகைச்சுவை எல்லாம் பெரிய விஷயமில்லை. விடுங்கள்.

அப்பாவைப் பற்றி எழுதிய வரிகளை மட்டும் என்னால் விட முடியவில்லை. கோபம் வந்தது தம்பி.

‘சாப்பிட்டியா’ என்பதைப் பேச்சு கிடையாது என்று யார் உங்களுக்குச் சொன்னது? சென்னையில் உன்னை யாராவது கவனித்துக்கொள்கிறார்களா, ஏன் இளைத்திருக்கிறாய், உன் முகம் ஏன் வாடியிருக்கிறது, இவ்வளவையும் அந்த மனிதர் ஒரு சொல்லில் கேட்கிறார். பசிபிக் கடலில் டிரோப்ரியாண்ட் தீவுக்காரர்களோடு தங்கியிருந்த மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் 1923இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சேதி சொல்வதற்காக அல்லாமல், ஆளோடு ஆளைச் சேர்த்துக் கட்டுவதற்காகவே பேசப்படும் பேச்சு உண்டு என்றார். தீவுக்குத் தீவு, ஊருக்கு ஊர் அது இருக்கிறது. அதைப் போய்க் குறை என்று எழுதுகிறீர்கள்.

அதைவிட மோசம் அடுத்த வரி. ‘பாடு சரியில்ல’ என்றார், அதோடு சரி என்கிறீர்கள். அதோடு நிறுத்தியது யார்? அவரா, நீங்களா? நம் கரையில் வலையில் விழுவதும் பாடு, மனுஷன் படுவதும் பாடு. டீசல் விலை, வாரத்தில் மூன்று நாள் மட்டும் கடல், எல்லைப் பக்கம் போனால் நெஞ்சில் அடிக்கும் பயம், கையில் வந்த பங்கு வாங்கிய கடனுக்கே போவது, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ‘எந்த மாசத்துலருந்துப்பா?’ என்று நீங்கள் கேட்டிருந்தால் அன்று ராத்திரி முழுக்கப் பேசியிருப்பார். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ‘அப்படியா’ என்று சொல்லிவிட்டுச் செல்போனைப் பார்த்திருப்பீர்கள். இல்லாவிட்டால் உங்கள் நிறுவனத்திலும் இந்த வருஷம் சம்பள உயர்வு சரியில்லை என்று ஆரம்பித்திருப்பீர்கள்.

இந்த இரண்டாவது பழக்கத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். சார்ல்ஸ் டெர்பர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1979இல் இதைப் பிரித்துக் காட்டினார். ஒருவர் ஒன்றைச் சொன்னால் நாம் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். பேச்சை நம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம், அல்லது அவர் பக்கமே விட்டு வைக்கலாம். ‘முதுகு வலிக்குது’ என்கிறார் ஒருவர். ‘எனக்கும்தான், போன வாரம் பாருங்க...’ என்று தொடங்கினால் பேச்சு உங்களிடம் வந்துவிட்டது. ‘எப்பத்திலருந்து?’ என்றால் அது அவரிடமே இருக்கிறது. இழுத்துக்கொள்கிறவர் கெட்ட மனசோடு செய்வதில்லை. நானும் உங்களைப் போலத்தான் என்று அன்பாகத்தான் நினைக்கிறார். ஆனால் சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொள்கிறார்.

2017இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஜோடி ஜோடியாக ஆட்களைப் 15 நிமிஷம் உரையாடவைத்தார்கள். சிலரிடம் 9 கேள்வியாவது கேளுங்கள் என்றும், சிலரிடம் 4க்கு மேல் கேட்காதீர்கள் என்றும் சொன்னார்கள். அதிகம் கேட்டவர்களையே எதிரில் இருந்தவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. அதிலும் மனசைத் தொட்டவை புதுப்புதுக் கேள்விகள் அல்ல, சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு கேட்ட அடுத்த கேள்விகள். நீங்கள் விஷயங்களைச் சேகரிக்க வேண்டாம் தம்பி. விஷயம் எதிராளியிடம் இருக்கிறது.

கிளம்புகிறவரை ‘எங்கே’ என்று கேட்கக் கூடாது என்பது நம் பழக்கம். திரும்பி வந்தவரை எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். நான் கேட்கவில்லை.

1989, ஆடி மாதம். நான் மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வள்ளங்களுக்கு இன்ஜின் மாட்டிய புதிது. வெள்ளிக்கிழமை நடுராத்திரிக்கு வீட்டுக்கு வந்து, களைப்பில் படுத்துவிட்டேன். அம்மா தூங்காமல் கரைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. காலையில் வெயில் ஏறிய பிறகு அப்பா வந்தார். கஞ்சிக்கு உட்கார்ந்ததும், ‘ராத்திரி இன்ஜின் நின்னுபோச்சுடா’ என்றார். நான் உடனே, ‘எங்க பஸ்ஸும் அருப்புக்கோட்டை தாண்டி நின்னுபோச்சுப்பா’ என்றேன். கண்டக்டர் என்ன சொன்னார், யார் யார் சண்டை போட்டார்கள், எத்தனை மணிக்கு வேறு பஸ் வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கஞ்சியைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ‘அப்புறம் எப்படி வந்த?’ என்று கேட்டார். ‘ராத்திரி சாப்பிட்டியா?’ என்று கேட்டார்.

போன வாரம் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பதை நெருங்குகிறார். அன்றைக்கு அந்த வள்ளத்தில் இருந்த பையன் அவர். அப்போது 12 வயது, முதல் தடவையாகக் கடலுக்குப் போயிருக்கிறார். இன்ஜினை நம்பி, காற்றுக்கு விரிக்கும் பாயை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கச்சான் காற்று இழுத்த இழுப்பில் துடுப்பு வலித்துத் துடுப்பு வலித்து, எப்படியோ நல்லதண்ணித் தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள். இருட்டு. சாப்பிட ஒன்றுமில்லை. பையன் அழுதுகொண்டே இருந்திருக்கிறான்.

‘உங்கப்பா என்னைய அழவே விடலண்ணே’ என்றார் அவர். ‘எங்க வீட்டு ஆட்டைப் பத்திக் கேட்டாரு. மொத்தம் எத்தனன்னு கேட்டாரு. ஏழுன்னேன். எது ரொம்ப முட்டும்னாரு. கருப்பின்னேன். கருப்பின்னு பேரு வச்சது யாருன்னாரு. எங்க ஆச்சின்னேன். ஆச்சி அதுக்கு என்ன திங்கக் குடுக்கும்னாரு. விடியற வரைக்கும் இதே பேச்சுதான். ஆச்சி செத்து எத்தன வருஷமாச்சு, எனக்கு இன்னமும் அந்தத் தீவை நெனச்சா ஆச்சி ஞாபகந்தான் வருது.’

என் அப்பா பேசத் தெரியாதவர் என்று கல்லூரியில் நண்பர்களிடம் நான் சொல்லியிருக்கிறேன். ஏறக்குறைய உங்கள் வார்த்தைகளிலேயே சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். உங்கள் அப்பா கரையில் இருப்பார், வலையில் கிழிசல் பார்ப்பார். லீவு போட்டுவிட்டுப் போங்கள். அவருக்கு எதிரில் உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். கை வேலையில் இருக்கும்போது நம் ஆட்களுக்கு வாய் லேசாகும். ‘பாடு எப்படிப்பா?’ என்று கேளுங்கள். உடனே பதில் வராது. உலகத்தில் பத்து மொழிகளை எடுத்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாகக் கால் விநாடிகூட இல்லை. அந்த வேகத்தை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பீடி முடியும் நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் உங்கள் கதையை ஆரம்பித்துவிடாதீர்கள். செல்போன் வீட்டிலேயே இருக்கட்டும்.

அலுவலகத்துச் சாப்பாட்டு மேசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்களிடம் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அப்பா போகும் படகுக்கு என்ன பெயர்? எத்தனை வருஷமாக அதில் போகிறார்? அதற்கு முன்னால் எந்தப் படகு? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்.