சாட்ஸ்வொர்த் நாயகனிடம் ரஜினி சாயல் இருக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் கதை எழுதுகிறீர்கள். நாயகன் பாதி ரஜினியாக, பாதி பேட்மேனாக வந்து நிற்கிறான், இது காப்பியா என்று கேட்கிறீர்கள். சாயல் வருவதில் தப்பில்லை. 1939-இல் அறிமுகமான பேட்மேனே, அதற்கு முந்தைய கதை நாயகன் ஸோரோவிடமிருந்து முகமூடியையும் இரட்டை வாழ்க்கையையும் வாங்கியவன்தான்.

எதை எடுக்கிறோம் என்பதுதான் விஷயம். ரஜினி கண்ணாடி சுழற்றுவதை எடுத்தால் மிமிக்ரி ஆகிவிடும். அடங்கிக் கிடப்பவன் எப்போது எழுவான் என்று காக்கவைப்பாரே, அதை எடுங்கள். உங்கள் ஆள் மினிபஸ் டாக்சி ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்களிடம் காசு வாங்கிச் சில்லறை கொடுக்கும் முன் சீட்டுப் பயணி ஒரு ஆயாவுக்குச் சில்லறையைக் குறைத்துக் கொடுக்கிறான். இவன் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு அவனையே பார்க்கிறான். வாய் திறக்கவில்லை. விசில் பறக்கும்!

பேட்மேனுக்குப் பெற்றோரின் கொலை. இவனுக்கு அந்தக் காயம் ஊரிலேயே இருக்கிறது: இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த நிறவெறி அரசின் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த வீட்டை இழந்து, 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளப்பட்ட தாத்தா.

பஞ்ச் டயலாக்கில் மட்டும் கவனம். அங்கே இளைஞர்களுக்கு வீட்டிலும் ஆங்கிலம்தான். தமிழ் பெரும்பாலும் கோயில் பாட்டோடு சரி. மதுரைத் தமிழில் சவால் விட்டால் ஒட்டாது. அப்புறம், காவடி விரத நாட்களில் அவன் கை ஓங்க மாட்டான், அது வில்லனுக்கும் தெரியும் என்று வைத்துப் பாருங்கள்.